பென்சில் முனையில் கண்டி: பாட்டியின் பாக்குவெட்டிக்குள் இத்தனை அதிசயமா?

பாட்டியின் பாக்குவெட்டியை ஒரு தாளில் வரைய என்னென்ன வேண்டும்? ஒரு பென்சில், ஓர் அழிறப்பர், நாலைந்து பாஸ்டல் துண்டு. அப்புறம் அந்தப் பாக்குவெட்டி. அவ்வளவுதான். ஆனால் கண்டியில் இருந்துகொண்டு இதை வரையும்போது உங்கள் கையில் இருக்கும் ஒவ்வொன்றும் இந்த மலைகளோடு எப்படிப் பின்னிப் பிணைந்திருக்கிறது என்று தெரியுமா? தெரிந்தால் பென்சிலைச் சீவும்போதே உடம்பு சிலிர்க்கும்!

முதலில் அந்தக் கறுப்பு. பென்சிலுக்குள் இருப்பது காரீயம், அதாவது காபன். உலகின் பல நாடுகளில் காரீயம் கிடைக்கிறது. ஆனால் பாறையைப் பிளந்துகொண்டு நரம்பு நரம்பாக ஓடும் கட்டிக் காரீயத்தை வணிக அளவில் தோண்டி எடுக்கும் நாடு இலங்கை ஒன்றுதான் தெரியுமா? கண்டியிலிருந்து கொழும்புப் பாதையில் இறங்கினால் வரும் கேகாலை மாவட்டத்தில் போகல சுரங்கம். பக்கத்துக் குருணாகல் மாவட்டத்தில் கஹட்டகஹ சுரங்கம். பூமிக்கடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்தில் இருந்து மேலே வரும் இந்தக் கட்டியில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சுத்தமான காபன்! 19ஆம் நூற்றாண்டில் இது கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. பெரும்பங்கு உலோகம் உருக்கும் மூசைகள் செய்யப் போனது. உயர் ரகப் பென்சில்களிலும் கலந்தார்கள். முதலாம் உலகப் போரில் ஆயுதத் தொழிற்சாலைகளின் மூசைகளுக்காக இதற்கு வந்த கிராக்கி கொஞ்ச நஞ்சமல்ல. இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவின் தந்தை டொன் ஸ்பேட்டர் சேனநாயக்கா செல்வந்தரானதே காரீயத்தால்தான்.

இன்னும் கேளுங்கள். 2004இல் மான்செஸ்டரில் இரு விஞ்ஞானிகள் காரீயத்தின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, ஒற்றை அணு தடிப்புள்ள படலத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் கிராஃபீன். 2010இல் அவர்களுக்கு நோபல் பரிசு! உரிக்க முடிந்ததற்கும் பென்சில் எழுதுவதற்கும் காரணம் ஒன்றே. காரீயத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அடுக்குக்குள் பிடிப்பு இறுக்கம், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிடிப்பு தளர்வு. தாளில் தேய்த்ததும் அடுக்குகள் வழுக்கிக் கழன்று தாளின் நார்களில் மாட்டிக்கொள்கின்றன. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு கோடும் அப்படிக் கழன்ற காபன் அடுக்குகள்தான்!

இனித்தான் பெரிய ஆச்சரியம். 1900ஆம் ஆண்டு லண்டன் புவிச்சரிதவியற் சங்கத்தின் சஞ்சிகையில் இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் ஆராய்ந்த கட்டுரை ஒன்று வெளியானது. எழுதியவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஓர் இளைஞர். அதே இளைஞர் எட்டே ஆண்டுகள் கழித்து, கண்டி நாட்டு மக்களின் சீப்பு, திறப்பு, பாக்குவெட்டி, சுண்ணாம்புக் கரண்டகம் எல்லாவற்றையும் உலகமே திரும்பிப் பார்க்கும் ஒரு மாபெரும் புத்தகத்தில் பதித்தார். யார் தெரியுமா? ஆனந்த குமாரசுவாமி! நம்முடைய ஆனந்த குமாரசுவாமி!

1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை தமிழரான சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயரான எலிசபெத் கிளே பீபி. சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் இவருடைய தந்தையின் சகோதரி பிள்ளைகள். இங்கிலாந்தில் வளர்ந்து, புவிச்சரிதவியல் படித்து, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் ஆய்வின் பணிப்பாளராக இருந்தார். தோரியனைட் என்ற கதிரியக்கக் கனிமம் 1904இல் உலகுக்குத் தெரியவந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களுக்குள் போனவர் அங்கே கைவினைஞர்களைக் கண்டார். கண்டிப் பிரதானிகள் தங்கள் கலையைக் கைவிடுகிறார்களே என்று பொறுக்க முடியாமல் 1905இல் அவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதமே எழுதிவிட்டார்! என் கணிப்பில், பாறையின் நரம்பைப் படித்த கண்தான் பாக்குவெட்டியின் செதுக்கலையும் படித்தது. இரண்டுக்கும் வேண்டியது ஒரே பொறுமை.

1908இல் அந்தப் புத்தகம் வந்தது. 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. எங்கே அச்சானது தெரியுமா? இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டன் கிராமத்தில், எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தின் கை இயந்திரத்தில். புகழ்பெற்ற வில்லியம் மொறிஸ் ஆங்கிலக் கவிஞர் சோசரின் நூலை அச்சிட்ட அதே இயந்திரம்! 1907 செப்டெம்பரில் தொடங்கி 1908 டிசம்பரில் முடித்தார்கள். வெறும் 425 பிரதிகள்தான். புகைப்படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அவருடைய மனைவி எதெல். பின்னாளில் எதெல் மேரே என்ற பெயரில் இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறிக் கலைஞர்களில் ஒருவரானவர் அவர்தான்.

அந்த நூலின் பக்கங்களைப் புரட்டினால் ஒரு கண்டி வீட்டின் அலுமாரியையே திறந்தது போல இருக்கிறது. பாக்குவெட்டிகள், அவற்றில் குதிரைத் தலை, மனித உருவம்! பைக்கடிகாரம் மாதிரி வட்டமாகத் திறக்கும் சுண்ணாம்புக் கரண்டகம், அதன் சங்கிலியில் குட்டிக் கரண்டி. தையல் வேலைப்பாடு நிறைந்த வெற்றிலைப் பை. யானைத் தந்தச் சீப்பு. மூக்கு வைத்த கெண்டி. எழுத்தாணி. கோயிலும் அரண்மனையும் பற்றி எழுதப் பலர் இருந்த காலத்தில், இடுப்பில் செருகும் கரண்டகத்துக்கு ஒரு பக்கம் கொடுத்தாரே, அதற்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இவருக்கும் முன்னால் கண்டி வீட்டுச் சாமான்களைப் பட்டியல் போட்ட ஒருவர் இருக்கிறார் தெரியுமா? அவர் கைதி! ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைக்கம்பி இல்லாத சிறையில் வாழ்ந்தார். எலதெத்த கிராமத்தில் வீடு கட்டினார், தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். தப்பிப் போய் 1681இல் வெளியிட்ட நூலில், உறியில் தொங்கும் மண்பானைகள், பித்தளைத் தட்டு, முதுகு சாயும் பலகை இல்லாத முக்காலி என்று ஒன்று விடாமல் எழுதினார். சாய்மானம் உள்ள ஆசனம் அரசனுக்கு மட்டும்தானாம்! வாயில் படாமல் செம்பை உயர்த்தித் தண்ணீர் குடிக்கும் மனிதரின் படம்கூட அந்த நூலில் உண்டு. நாம் இன்றும் அப்படித்தானே குடிக்கிறோம்?

அந்த நூலுக்கு முன்னுரை எழுதியவர் யார் என்பதைக் கேட்டால் துள்ளிக் குதிப்பீர்கள். ரொபர்ட் ஹூக்! நுண்நோக்கி வழியே கண்டதையெல்லாம் வரைந்து 1665இல் உலகை அதிரவைத்த விஞ்ஞானி. அவருடைய நூலின் முதல் படங்கள் எவற்றைப் பற்றியவை தெரியுமா? ஒரு தையல் ஊசியின் முனை, ஒரு சவரக் கத்தியின் விளிம்பு, ஒரு துணித் துண்டு! வீட்டிலிருந்த சாதாரண சாமான்களிலிருந்துதான் அவர் தொடங்கினார். ஊசி முனையை வரைந்தவர், கண்டி உறிப்பானையைப் பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியிருக்கிறார். இப்படியொரு பொருத்தத்தை யாராவது திட்டமிட்டுச் செய்ய முடியுமா?

சரி, வண்ணத்துக்கு வருவோம். பாஸ்டல் என்பது என்ன? நிறப்பொடி, கொஞ்சம் சுண்ணக்கட்டித் தூள், எல்லாவற்றையும் ஒட்டிவைக்க ஒரு துளி பிசின். உருட்டிக் காயவைத்தால் தீர்ந்தது. எண்ணெய் இல்லாததால் காலம் போனாலும் மஞ்சளிக்காது. பிரான்ஸில் சமையலறைச் செம்புப் பாத்திரங்களை வரைந்தே அழியாப் புகழ்பெற்ற சார்டன், 1770களில் கண் கெட்டு எண்ணெய் வண்ணத்தைக் கைவிட்டபோது பிடித்துக்கொண்டது இந்தப் பாஸ்டலைத்தான். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல்!

பொடியும் பிசினும் என்ற இந்த வித்தை கண்டிச் சித்திரக்காரருக்குப் புதிதா என்ன? சிவப்புக்குச் சாதிலிங்கம். மஞ்சளுக்குக் கொக்கட்டு மரப் பால். கறுப்புக்குப் புகைக்கரி. வெள்ளைக்கு மக்குலு என்ற வெண்களி. ஒட்டுவதற்கு விளாம்பிசின்! பெரிய பரப்புகளுக்குத் தாழை விழுதின் நுனியை நசுக்கித் தூரிகை செய்தார்கள். கண்டிக்கு அருகே தெகல்தொருவ விகாரைக்குப் போய்ப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டில் பாறைக் குகைக்குள் ஜாதகக் கதைகளை வரைந்தவர்கள், கதைமாந்தருக்குத் தங்கள் காலத்து உடுப்பையும் நகையையும் மாட்டிவிட்டார்கள். புராணக் காலத்துக் கதை என்று சொல்லிக்கொண்டே தங்கள் ஊர்ச் சாமான்களைச் சுவரில் ஏற்றிவிட்டார்கள்! அந்தப் பரம்பரையில் ஒரு பையன் சித்திரம் கற்க வந்தால் முதலில் போடவைப்பது 'வக தெக' என்ற இரட்டை வளைவு. அது கைவந்தால்தான் பூவும் கொடியும் அன்னமும்.

அழிறப்பரை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 1770 வாக்கில் றப்பர் வரும்வரை பென்சில் கோட்டைப் பாண் துண்டால்தான் அழித்தார்கள். அந்த றப்பர் ஆசியாவுக்கு வந்து வேரூன்றிய வாசல் எது தெரியுமா? பிரேசிலில் திரட்டிய விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகளாக இலங்கைக்குக் கப்பலேறின. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் கம்பஹாவின் ஹெனரத்கொடவில் அவற்றை நட்டார்கள். அந்தப் பேராதனைப் பூங்காவில் 19ஆம் நூற்றாண்டில் ஒரு குடும்பமே சித்திரக்காரராக இருந்தது. ஹரமானிஸ் த அல்விஸ் சுமார் நாற்பது ஆண்டுகள் செடிகொடிகளை வரைந்தார், அவருக்குப் பின் பிள்ளைகள் தொடர்ந்தார்கள். இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றி பிரெடெரிக் மூர் எழுதிய மூன்று பாகங்களுக்கும் படங்கள் அந்த வீட்டிலிருந்து போனவை.

கண்டி பெற்ற பெரிய ஓவியரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. ஜோர்ஜ் கீற் 1901இல் கண்டியில் பிறந்து, திரித்துவக் கல்லூரியில் படித்து, 1943இல் உருவான '43 குழு என்ற ஓவியர் அமைப்பின் தூண்களில் ஒருவரானவர். அவருடைய ஆரம்பகால ஓவியங்களில் மேசைமேல் இருந்த சாமான்களும் இடம்பிடித்தன. கோட்டின் வீரியத்தைக் கற்க விரும்பும் பிள்ளைக்கு நான் முதலில் காட்டுவது கீற்றின் கோட்டோவியங்களைத்தான்.

இப்போது நீங்களே உட்கார்ந்து வரையப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில அதிசயங்கள் அப்போதுதான் தெரியவரும்!

ஒரு கெண்டியை மேலிருந்து சற்றே சாய்வாகப் பார்க்கிறீர்கள். அதன் வாய் நீள்வட்டமாகத் தெரிகிறது. அடியும் நீள்வட்டம்தான். இரண்டில் எது அதிகம் உருண்டையாகத் தெரியும்? அடிதான்! கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வட்டம் விரியும். அடியைத் தட்டைக் கோடாகப் போட்டுவிட்டு, கெண்டி ஏன் மேசையில் உட்காரவில்லை என்று தவிக்காத பிள்ளை இல்லை. சாதாரண தரச் சித்திரப் பரீட்சையில் பொருட்களைப் பார்த்து வரையும் வினாத்தாளுக்குத் தயாராகும் பிள்ளைகளே, இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று!

பாக்குவெட்டியை வரையும்போது இரும்பைப் பார்க்காதீர்கள். இரண்டு கைபிடிகளுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தைப் பாருங்கள். அந்த வெற்றிடம் சரியாக வந்துவிட்டால் பாக்குவெட்டி தானாக வந்து நிற்கும். பித்தளைச் செம்பு பளபளக்க வேண்டுமா? மஞ்சளை அள்ளிப் பூசுவதால் பளபளப்பு வராது. மிகக் கடும் இருட்டையும் மிகக் கடும் வெளிச்சத்தையும் இடைவெளி விடாமல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், செம்பு மின்னும். பிலிமத்தலாவையில் பித்தளைப் பட்டறைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

பென்சிலால் அழுத்தித் தேய்த்த இடத்தில் பாஸ்டல் ஏறாது என்பது தெரியுமா? காரீயம் வழவழப்பு. பாஸ்டல் பொடிக்குப் பிடிக்கச் சொரசொரப்பு வேண்டும். ஆகவே முதல் கோட்டை மெல்லியதாகப் போடுங்கள், வண்ணத்தைப் பூசி, கடைசியில் கூரான பென்சிலால் சங்கிலி, ஆணி, கீறல் என்று நுணுக்கத்தை இறக்குங்கள்.

பள்ளிக்கூடப் பையில் இருக்கும் ஒயில் பாஸ்டலுக்கும் ஒரு கதை உண்டு. அதை 1925இல் ஜப்பானின் சக்குரா நிறுவனம் உருவாக்கியது. ஆரம்பத்தில் கோடை காலத்துக்குக் கடினமானதும் குளிர்காலத்துக்கு மென்மையானதுமாக இரண்டு வகை விற்றார்கள்! சூட்டில் இளகும், குளிரில் இறுகும் என்பதால். கொழும்பில் கையில் ஒட்டிக்கொள்ளும் அதே துண்டு, நுவரெலியாவில் முறுக்கிக்கொண்டு நிற்பதன் காரணம் இதுதான். கண்டி இரண்டுக்கும் நடுவில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டரில் இருக்கிறது. ஒயில் பாஸ்டலுக்கு இதைவிட நல்ல ஊர் வேறு எது? ஈரக் காற்று மட்டும்தான் எதிரி. இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் ஊரில் தாளில் பூஞ்சணம் பிடிக்கும். வரைந்ததைச் சுவரில் ஒட்டவைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள்.

எங்கே போய் வரையலாம்? தலதா மாளிகைக்குப் பக்கத்தில், ஒருகாலத்தில் அரசியர் வாழ்ந்த பள்ளே வாஹல மாளிகையில் கண்டி தேசிய அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது. கரண்டகம், பாக்குவெட்டி, நகை என்று கண்டிக்கால வீட்டுப் பொருட்கள் அங்கே கண்ணாடிக்குள் காத்திருக்கின்றன. மதுரை நாயக்கர் வழிவந்த கடைசி அரசர்கள் காலத்து மாளிகை. தமிழ் வாசகர்கள் அங்கே விருந்தாளிகள் அல்ல, உறவினர்கள்!

ஆனால் என் மனம் அதிகம் நிற்பது இன்னோர் இடத்தில். கம்பளைக்கு அருகே பரடேகாவில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்துக்குள் ஓர் அரும்பொருட்காட்சியகம் இயங்குகிறது தெரியுமா? கண்டியைச் சேர்ந்த சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அமைத்த தோட்டத் தொழிலாளர் அரும்பொருட்காட்சியகம். அரசரின் பொருள் ஒன்றுகூட அங்கே தேவையில்லை. மலையகத் தமிழர் சமைத்த பாத்திரம், போட்ட நகை, வேலை செய்த கருவி, வாசித்த வாத்தியம், இவைதான் அங்கே வரலாறு. கொழுந்துக் கூடையை வரைந்து பாருங்கள். பிரம்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும் முறை விளங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். கவ்வாத்துக் கத்தியின் வளைவை வரையுங்கள். எத்தனை கோடி தேயிலைச் செடிகளை அந்த வளைவு வெட்டிச் சீராக்கியிருக்கும்! 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தபோது, தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். கைக்குள் அடங்கும் தகரம். ஒரு மனிதர் எந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும் என்பதை அதுதான் சொன்னது. பென்சிலில் வரைவதற்கு அதைவிட எளிய வடிவம் இல்லை. வரையும்போது கை கனக்கும்.

அருங்காட்சியகத்தில் வைக்க முடியாதபடி பொருளும் வீடுமே போய்விட்டால்? அதற்கும் ஒருவர் வழி கண்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஓவியர் தா. சனாதனன், போரால் இடம்பெயர்ந்த 80 பேரிடம் தாங்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரையச் சொன்னார். அவர்கள் பென்சிலோ பேனையோ எடுத்துத் தாங்களே தரைப்படம் போட்டார்கள். கட்டடக் கலைஞர் அதை அளவோடு வரைந்தார். ஒவ்வொன்றுக்கும் சனாதனன் தம் கையால் பாஸ்டலில் ஒரு சித்திரம் தீட்டினார். 2011இல் வெளிவந்த அந்த நூலுக்குத் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு என்று பெயர் வைத்தார், முடிவுறாத தோம்பு! காணி உறுதி தொலைந்தவர்களுக்கு ஒரு சித்திரம் உறுதியாக நின்றது. பென்சிலும் பாஸ்டலும் பொழுதுபோக்குச் சாமான் என்று யாராவது சொன்னால் இந்த நூலைக் காட்டுங்கள்.

ஒரு குடும்பத்தின் பொருளைப் பார்த்து வரைவது, அதைப் படம் பிடிப்பதைவிட மேலானது என்பது என் உறுதியான எண்ணம். கைபேசி ஒரு நொடியில் எல்லாவற்றையும் எடுத்துவிடும், நாம் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டோம். வரைந்தவருக்குத் தெரியும், பாக்குவெட்டியின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, செம்பு எங்கே நசுங்கியிருக்கிறது, துருவலையின் பல் எத்தனை உடைந்திருக்கிறது என்று. அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மம்மா சும்மா இருக்க மாட்டார், அது யார் கொடுத்தது, எப்போது நசுங்கியது என்று சொல்லத் தொடங்கிவிடுவார்!

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தப் பள்ளி விடுமுறையில் உங்கள் வீட்டிலிருக்கும் பழைய பொருள் ஒன்றை எடுத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வரையுங்கள். கண்டியோ கலஹாவோ, ஹந்தானையோ தெல்தோட்டையோ, எந்த ஊரானாலும் சரி. தாளின் பின்புறத்தில் பொருளின் பெயர், யாருடையது, எந்தத் தெரு அல்லது எந்தத் தோட்டம், வரைந்த திகதி ஆகிய நான்கையும் பென்சிலாலேயே எழுதிவையுங்கள். பேனை மை ஈரத்தில் பரவிவிடும், காரீயம் பரவாது.